16 வயதுப் பையன் கொலை செய்தால்: பழைய சட்டமா, புதிய சட்டமா?

2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் கணக்கு எளிது. 18 வயது நிரம்பவில்லையா, வழக்கு சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான். கொலையே என்றாலும் அதிகபட்சம் 3 ஆண்டு, அதுவும் சிறையில் அல்ல, சிறார்களைத் திருத்தும் சிறப்பு இல்லத்தில். 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொலை வழக்கில், 18ஐத் தொடச் சில மாதமே இருந்த ஒருவருக்கும் இதே 3 ஆண்டுதான். அவர் 2015 டிசம்பரில் வெளியே வந்தார். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

புதிய சட்டப்படி, 16 வயதைத் தாண்டியவர் குறைந்தபட்சமே 7 ஆண்டு தண்டனை உள்ள குற்றத்தில் (சட்டம் இதைக் கொடுங்குற்றம் என்கிறது) சிக்கினால், குழுமம் முதலில் அவருடைய மனமுதிர்ச்சியை மதிப்பிடும். முதிர்ந்தவர் என்று பட்டால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். பெரியவரைப் போல விசாரிக்கலாம். தூக்கு கிடையாது. 21 வயதுவரை பெரியவர்களின் சிறையும் கிடையாது.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு 3 ஆண்டு என்பது கசக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் புதிய வழியில் எனக்கு இடிப்பது அந்த மதிப்பீடு. சம்பவம் நடந்து பல வாரம் கழித்து, போலீஸையும், விசாரணைக் காலத்தில் சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தையும் பார்த்து மிரண்டுபோன பையனை உட்காரவைத்து, அன்றைக்கு அவன் புத்தி எப்படி இருந்தது என்று எந்தப் படியால் அளப்பது? அதுவும் அவன்தான் செய்தான் என்று நிரூபணமாகும் முன்பே.

அந்த 7 ஆண்டுக் கோடும் விசித்திரமானது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி 2 பேர் இறந்தார்கள். 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததும் நாடே கொதித்தது. ஆனால் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இல்லை. அதனால் அது கொடுங்குற்றம் ஆகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. பெரியவராக விசாரிக்கக் கேட்ட மனுவும் 2025இல் தள்ளுபடியானது. கோபத்தில் போட்ட சட்டம், அடுத்த கோபத்துக்கு உதவவில்லை.

நியூசிலாந்து 1989இலேயே வேறு பாதை பிடித்தது: பையனின் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லாரும் கூடிப் பேசித் திட்டம் போடுவது. சின்னக் குற்றங்களுக்கு நம் பஞ்சாயத்துக் கண்ணுக்கும் பழக்கமான காட்சிதான். கொலைக்கு அது விடையல்ல.

எனக்குப் பழைய வழிதான்; 3 ஆண்டை வேண்டுமானால் 5 ஆக்கலாம். ஒரே சிக்கல், அந்த ஆண்டுகள் எங்கே கழிகின்றன என்பது. 2022இன் கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில், திருட்டு வழக்கில் வந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். ஊழியர்கள் கைதானார்கள். அப்புறம்தான் இல்லங்களை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு ஒருநபர் குழுவாகப் போட்டது.