முழம் கொஞ்சம் குறைவு, மற்றபடி நல்ல கடை

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் சங்கிலி இழுத்தவன் நான்; அளவு குறைந்தால் எனக்குப் பொறுக்காது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகிற வழியில், வேப்பமரத்தடிப் பூக்கடையில் இரண்டு முழம் முல்லை வாங்கினேன். முழம் 40 ரூபாய். ஒன்று சுவாமிக்கு, ஒன்று என் மனைவிக்கு. வீட்டுக்கு வந்ததும் அவள் தலையிலிருந்து எடுத்து வைத்த பூவை டேப் வைத்து அளந்தேன். 18 அங்குலம் இருக்க வேண்டியது பதினைந்தரைதான் இருந்தது. "அந்த அம்மாவுக்குக் கை குட்டை, அதற்கு அவர் என்ன செய்வார்?" என்று என் மனைவி கடைக்காக வாதாடினாள். இருக்கட்டும்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு மேசை, இரண்டு பிரம்புக் கூடை, ஈரச் சாக்கு, அவ்வளவுதான். பூவெல்லாம் வாழைநாரில் தொடுத்தது. நைலான் நூல் கண்ணில் படவில்லை. கதம்பத்தில் மருக்கொழுந்து வாசனை தூக்கலாக இருந்தது. சிவனுக்கு ஆகாது என்பதால் தாழம்பூவைச் சேர்ப்பதில்லையாம். வில்வம் தொன்னையில் தனியாக வருகிறது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததன் காரணம். மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த என் மச்சினி ஒரு பெரிய பையோடு கிளம்பியிருந்தார். பளபளக்கும் சரிகைத் தாள் மாலை ஏழு, குங்குமப் பொட்டலங்கள், கற்பூரம், ஒரு டஜன் அகல், நல்லெண்ணெய். கோயிலைச் சுற்றி இருக்கிற சிற்பங்களுக்கெல்லாம் மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றுவதாக வேண்டுதல். கடைக்கார அம்மா பையை எட்டிப் பார்த்தார். "உள்ளே சுவாமிக்கு என்ன வேண்டுமானாலும் குருக்களிடம் கொடுங்கள் அம்மா. வெளியே இருக்கிற கல்லுக்கு எதுவும் வைக்காதீர்கள். இந்த மாலை என்னிடம் இருக்கட்டும், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்" என்றார். பூ விற்கிறவர் பூ வைக்காதே என்று சொன்னதை நான் இப்போதுதான் கேட்கிறேன். கூட நாலு மாலை விற்றிருக்கலாம் அல்லவா?

மச்சினிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் கடைக்காரர் சொன்னது நியாயம். அந்தச் சரிகைத் தாள் ஒரு மழை பட்டால் போதும், சாயம் கரைந்து கல்லில் ரோஜா நிறத்தில் வழியும். எண்ணெய் கல்லின் நுண்துளையில் இறங்கி, மேலே புழுதியைப் பிடித்துக்கொண்டு கருத்துப்போகும். பிறகு யாராவது தேய்த்துக் கழுவுவார்கள். தேய்க்கத் தேய்க்க மூக்கும் விரலும் மழுங்கும். தாராசுரத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே வேலைப்பாடு அத்தனை பொடிசு. இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில். அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. சிலவற்றின் மேலே பெயரும் வெட்டியிருக்கிறது. அந்த உளிக்கோட்டில் குங்குமம் ஏறிவிட்டால் விரல்நகத்தாலும் எடுக்க முடியாது. நாயனாருக்குப் பொட்டு வைக்கிறேன் என்று அவர் பெயரையே அழிக்கிறோம். ராஜகம்பீரன் மண்டபத்துக் கல் குதிரையின் காதில் யாரோ செம்பருத்தி செருகிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டினால் இசை எழும் கல் படிகளுக்குப் போட்டிருக்கிற கம்பிக்குள்ளே சில்லறை விழுந்து கிடந்தது. 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில் இது.

காணிக்கை கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனே, தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்தில் "கல்லிலே வெட்டுக" என்றுதானே சொன்னான்! சோழர் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு தானம், அதிலிருந்து நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று பார்க்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தக் கடையின் 10 ரூபாய் நெய்விளக்கு மலிவுதான். அதையும் கோயிலில் விளக்கேற்றுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் வைக்கச் சொல்லித்தான் கொடுக்கிறார்.

அர்ச்சனைத் தட்டு 100 ரூபாய். தட்டுக்கு முன்பணம் 50, திருப்பிக் கொடுத்தால் உடனே கையில் தருகிறார். வெற்றிலை கும்பகோணத்துக் கொழுந்து, கிள்ளினால் நொறுங்குகிறது. தேங்காய்தான் சரியில்லை. குருக்கள் உடைத்ததும் அழுகல். மூடியோடு திரும்பி வந்து காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் வேறு காய் கொடுத்து, அதை என் காதருகே ஆட்டியும் காட்டினார். பூ மீந்துபோன தொன்னைகளைக் கூடையில் வாங்கி வைத்துக்கொள்கிறார், மாட்டுக்காம்.

பிரதோஷத்தன்று மாலை நான்கு மணிக்கே முல்லை தீர்ந்துவிடுகிறது. கைப்பேசியில் பணம் அனுப்ப ஒட்டுத்தாள் தொங்குகிறது, ஆனால் சிக்னல் வேப்பமரத்தைத் தாண்டி வருவதில்லை. சில்லறை கொண்டு போங்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குறைந்த ஒன்று முழத்துக்கு.

மச்சினியின் சரிகை மாலைகளைத் திரும்ப வாங்க மறந்துவிட்டோம். போன வாரம் போனபோதும் அந்தப் பை வேப்பமரத்து ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மயிலாடுதுறையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. நான் இன்னும் எடுக்கவில்லை, பையையும், போனையும்.