பின்பக்கச் சத்தத்தை என்ன செய்வது? விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் சில, ஒரு கேள்வி

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ, பின்பக்கமும் அவ்வளவு தள்ளுகிறது. முன்னால் வருவது நம் காதுக்கு. பின்னால் போவது பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, பலகைகளில் முட்டி, கொஞ்சம் தாமதமாக அதே மெல்லிய கூம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. போகிற போக்கில் பெட்டியையும் அதிரவைக்கிறது. வீணையின் குடம் பாடத்தான் வேண்டும், அதற்காகத்தான் அதைக் குடைகிறார்கள். ஸ்பீக்கர் பெட்டி பாடினால் எல்லாப் பாட்டிலும் அதன் குரலும் சேர்ந்து கேட்கும்.

கோடிக்கணக்கில் விலை போகும் ஸ்பீக்கர்களை வாட்ஸ் கணக்கிலோ, கீழ்ஸ்தாயிக்கான பெரிய கூம்புகளான வூஃபர்களின் எண்ணிக்கையிலோ ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தப் பின்பக்கச் சத்தத்தை யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஒவ்வொருவரின் குணமும் தெரிந்துவிடும்.

முதலில் மேஜிகோ. கலிஃபோர்னியாவின் ஹேவார்டில் அலோன் உல்ஃப் நடத்தும் கம்பெனி. இவர்கள் வழி நேரடியானது: பெட்டியில் துளையே கிடையாது, காற்றுப் புகாமல் மூடிவிடுவது, அப்புறம் அந்தப் பெட்டியை அசையவே முடியாதபடி கட்டுவது. பல மாடல்களுக்கு அலுமினியம். உச்சத்தில் இருக்கும் எம்9 மாடலுக்கு, தேன்கூடு போன்ற அலுமினிய உள்ளீட்டின் இரு பக்கமும் கார்பன் ஃபைபர் தோல். அவர்களுடைய சின்ன மாடல் ஒன்றை விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருக்கும் பிளைவுட் பெட்டியைத் தட்டினால் 'டொக்' என்று ஒரு சுருதி பதிலுக்கு வரும். இதில் என் விரல்தான் வலித்தது. கருங்கல் தூணைத் தட்டியது போல, பதில் இல்லை.

எம்9 ஜோடியின் அறிமுக விலை 7,50,000 டாலர். நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல், சுங்க வரி தனி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 கிலோ. நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டில் '6 நபர்கள், 408 கிலோ' என்று எழுதியிருக்குமே, அதில் ஒற்றை ஸ்பீக்கர்கூட ஏறாது. மாடி வீட்டில் வைக்க நினைப்பவர் ஸ்பீக்கர் கடைக்கு முன்னால் கட்டடப் பொறியாளரைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, யூட்டா மாநிலம் புரோவோவில் இருக்கும் வில்சன் ஆடியோ. இவர்கள் பெட்டியில் பொதுவாகத் துளை உண்டு. பின்பக்கச் சத்தத்தின் கீழ்ஸ்தாயிப் பகுதியைத் துளை வழியாக வெளியே விட்டு, பேஸுக்குத் துணையாக்கிக்கொள்கிறார்கள். வீணாகப் போவதைப் பயன்படுத்தும் சிக்கன புத்தி இது. ஆனால் துளை வழியாக வருவது கூம்பின் அசைவோடு சேர்ந்தே நின்றுவிடுவதில்லை, கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் அடங்கும்.

வில்சனின் உண்மையான அக்கறை நேரத்தின் மேல். கம்பெனியின் நிறுவனர் டேவ் வில்சன் தன் வாழ்நாள் வேலையாக உருவாக்கிய வாம் மாஸ்டர் குரோனோசோனிக், ஆள் உயரத்தைத் தாண்டி ஏழு அடிக்கு மேல் நிற்கிறது. 70 ஜோடிதான் என்று அறிவித்து, ஜோடி 6,85,000 டாலருக்கு விற்றார்கள். மேலே இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர்த்தலாம். டிரைவர்கள், அதாவது ஒலி எழுப்பும் பாகங்கள், எல்லாவற்றிலிருந்தும் வரும் சத்தம் உங்கள் காதை ஒரே கணத்தில் தொட வேண்டும் என்பதற்காக மைக்ரோ விநாடிக் கணக்கில் சரிசெய்கிறார்கள். 5 மைக்ரோ விநாடியில் ஒலி 2 மில்லிமீட்டர்கூட நகராது, அவ்வளவு நுணுக்கம். இதை நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கு ஒரு நாற்காலிக்கு, அதில் உட்காரும் ஒருவரின் காது உயரத்துக்குப் போட்டது. பக்கத்தில் உட்காரும் மனைவிக்கும் தரையில் உட்காரும் பிள்ளைக்கும் அந்த நுணுக்கம் முழுசாகப் போய்ச் சேராது. வீட்டில் வைக்கும் பொருளுக்கு இதை ஒரு குறையாகத்தான் நினைக்கிறேன்.

ஜெர்மனியின் அவான்ட்கார்ட் டிரியோ வேறு ஜாதி. நாகஸ்வரத்தின் அணசு போல விரிந்த பெரிய புனல்கள். 1 வாட்டிலேயே 100 டெசிபலைத் தாண்டிவிடும். 1 வாட்டில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட் தேவைப்படும் சத்தத்துக்கு, 1 வாட்டில் 108 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு அந்த 1 வாட்டே போதும். சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் மேல் ஆசை உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமானது அதிகம் இல்லை. சாதாரண அளவு ஹாலில் மட்டும் வேண்டாம். புனல்களின் சத்தம் ஒன்றாகக் கலக்க, தள்ளி உட்கார இடம் வேண்டும்.

சரி, என் மனதுக்கு நெருக்கமானதற்கு வருகிறேன். இங்கிலாந்தின் பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் 1993இல் வெளியிட்ட நாட்டிலஸ். வடிவமைத்தவர் லாரன்ஸ் டிக்கி. மற்றவர்கள் பின்பக்கச் சத்தத்தைப் பூட்டினார்கள் அல்லது வேலை வாங்கினார்கள். டிக்கி அதற்குத் திரும்பி வராத ஒரு பாதை போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு டிரைவருக்கும் பின்னால் போகப் போகக் குறுகும் ஒரு குழாய், உள்ளே சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு. சத்தம் உள்ளே போய்ப் போய் அங்கேயே கரைந்துவிடும். மேல்ஸ்தாயிக்கான ட்வீட்டரின் குழாயும் நடு ஸ்தாயிக் குழாய்கள் இரண்டும், ஆக மூன்றும் ஈட்டி போல நேராகப் பின்னால் நீள்கின்றன. பேஸ் குழாயை அப்படி நீட்டினால் அறை கொள்ளாது. அதனால் நத்தை ஓடு போலச் சுருட்டினார். பெயர் வந்தது அப்படித்தான். அழகுக்காகச் செய்த வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு வளைவுகூட அலங்காரத்துக்கு இல்லை.

ஒரு முறை ஒன்றரை மணி நேரம் இதைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. வாய்ப்பாட்டுப் பதிவு ஒன்று, பின்னால் நிஜத் தம்பூரா. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், ஒவ்வொரு தந்தியின் ரீங்காரமும் தேய்ந்து தேய்ந்து, அடுத்த மீட்டலுக்கு அடியில் போய் மறைவது வரை கேட்டது. அந்தப் பதிவை வீட்டில் நூறு தடவை கேட்டிருப்பேன். அந்த வாலை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

இதன் விலை எம்9, வாம் இரண்டின் விலையில் சிறு பகுதிதான். ஆனால் ஒலியை ஸ்தாயி வாரியாகப் பிரித்து ஒவ்வொரு டிரைவருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் உள்ளே கிடையாது, தனிப் பெட்டியாக வரும். ஒரு ஸ்பீக்கருக்கு நான்கு வீதம் எட்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அந்தச் செலவையும் வயர்களையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அறையை மறந்துவிடக் கூடாது. 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒலி அலை சுவர்களுக்கு நடுவே நகராமல் நிலைகொண்டுவிடும். பேஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் 41 ஹெர்ட்ஸ், சுவரோரம் இடிக்கும், அறை நடுவில் காணாமல் போகும். எம்9இன் 15 அங்குல வூஃபர்கள் அங்கே தொந்தரவுதான். அப்படிப்பட்ட அறை உள்ளவருக்கு நான் தயங்காமல் நாட்டிலஸைச் சொல்வேன், மிச்சப் பணத்தில் மூலைகளுக்கு, கீழ்ஸ்தாயிச் சத்தத்தை உறிஞ்சும் நல்ல பேஸ் டிராப்களும். 30 அடி ஹால், தரைத்தளம், வீட்டார் எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள் என்றால் மேஜிகோ. அதே ஹாலில் நகராத ஒரே நாற்காலி, அதில் தினமும் உட்காருபவர் ஒருவர்தான் என்றால் வில்சன்.