வலி தெரியாத பாதத்துக்கு எந்தக் கட்டு?

சர்க்கரை நோயாளியின் பாதப்புண் முற்றிப்போவதற்குக் காரணம் வலி அல்ல, வலி இல்லாமை. நரம்பு மரத்துப்போன காலில் கல் குத்தினாலும் தெரியாது, செருப்பு உரசினாலும் தெரியாது. காலுறையில் ஈரக்கறை படிந்த பிறகுதான் பலருக்குப் புண் இருப்பதே தெரியவருகிறது. நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் புண் வரக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நரம்பு சொல்லாமல் விட்டதைக் கட்டே சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில்தான் 'ஸ்மார்ட் டிரெஸ்ஸிங்' ஆய்வுகள் பெருகியிருக்கின்றன. அவற்றில் முக்கியமான இரண்டு வகைகளையும், அவற்றுக்குப் போட்டியாக நிற்கும் சாதாரணக் கட்டையும் ஒரே கேள்வியோடு அணுகலாம்: நடந்து திரியும் ஒரு மனிதரின் உள்ளங்காலில் இது வேலை செய்யுமா?

முதல் வகை, நிறம் மாறும் ஒட்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட 'பெட்டல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காகிதம் போல் மெல்லியது, பேட்டரி கிடையாது. நந்தியாவட்டைப் பூவைப் போல ஐந்து இதழ்கள் உண்டு. புண்ணின் வெப்பம், ஈரம், அமில-காரத் தன்மை, யூரிக் அமிலம், கிருமிகள் உண்டாக்கும் டிரைமெத்தில் அமீன் ஆகியவற்றுக்கு ஆளுக்கோர் இதழ். புண்ணின் நீர் பட்டதும் நிறம் மாறும். மேலுறை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் கட்டைப் பிரிக்காமலே கைபேசியில் படம் எடுக்கலாம். 15 நிமிடங்களுக்குள் விடை கிடைக்கும். ஆறும் புண்ணையும் ஆறாத புண்ணையும் 97 சதவீதம் சரியாகப் பிரித்தறிந்தது என்கிறது ஆய்வு. ஆனால் அது எலிகளின் புண்ணில் கிடைத்த கணக்கு.

அமில-காரத் தன்மையை ஏன் பார்க்க வேண்டும்? நல்ல தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் 4 முதல் 6 வரை இருக்கும். நாள்பட்டு ஆறாமல் கிடக்கும் புண் காரத்தின் பக்கம் சாய்ந்து 7-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூழலில் திசுவை அரிக்கும் நொதிகள் ஓங்குகின்றன, கிருமிகளும் செழிக்கின்றன. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதற்கு முன்பே வேதியியலில் தெரிந்துவிடும் மாற்றம் இது.

இரண்டாம் வகை, மின்னணுக் கட்டு. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வெய் காவ் குழுவினர் 2023-இல் காட்டிய கட்டு, வெப்பம், பிஹெச், அம்மோனியம், குளுக்கோஸ், லாக்டேட், யூரிக் அமிலம் ஆகியவற்றைக் கம்பியில்லாமல் அனுப்புகிறது. தேவைப்படும்போது கிருமிக்கொல்லி மருந்தையும் கசியவிடுகிறது, மெல்லிய மின்தூண்டலும் கொடுக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் குழுவின் கட்டும் இதே வழியில் போவதுதான். எலிகளில் புண் சுமார் 25 சதவீதம் விரைவாக மூடியது என்றார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு நுட்பம்: உடல் சூட்டைவிடச் சில டிகிரி கூட்டினால் அதன் பசை தானாக விட்டுவிடும். கட்டை உரிக்கும்போது புதிதாக முளைத்த தோலும் சேர்ந்து உரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெய் காவ் குழு 2025-இல் இன்னொரு படி ஏறியது. ஆறாத புண் உள்ள 20 நோயாளிகளிடம் புண் நீரைத் தொடர்ந்து உறிஞ்சி அளக்கும் கட்டைச் சோதித்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் மனிதப் புண்.

இரண்டையும் அருகருகே வைத்தால், எளிமையில் நிற ஒட்டு வெல்கிறது: மின்சுற்று கெட்டுப்போகும் பயம் இல்லை, ஒரு படம் போதும். ஆனால் உள்ளங்காலில் என் தீர்ப்பு மாறுகிறது. முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ வரும் புண்ணுக்கு, நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2023 வழிகாட்டியில் முதலில் சொல்வது மருந்தை அல்ல. முழங்கால் வரை வரும், நோயாளி தானாகக் கழற்ற முடியாத பாதுகாப்புக் கட்டு அல்லது காலணியைத்தான். தொற்றோ ரத்த ஓட்டக் குறையோ மிதமான அளவையாவது எட்டியிருந்தால், அல்லது நோயாளியால் அதைத் தாங்க முடியாவிட்டால் வேறு வழி. புண்மேல் விழும் உடல் எடையை இறக்கிவைப்பதுதான் அங்கே முதல் சிகிச்சை. மாவுக்கட்டுக்குள் மூடிக்கிடக்கும் ஒட்டின் நிறத்தை எந்தக் கைபேசி படம் எடுக்கும்? படம் எடுப்பதற்காகப் பாதுகாப்பைக் கழற்றினால் ஆதாயத்தைவிட நஷ்டம் அதிகம். கம்பியில்லாமல் பேசும் மின்னணுக் கட்டுக்கு இங்கேதான் உண்மையான இடம் இருக்கிறது. அதற்கு அது முழு உடல் எடையையும் வியர்வையையும் தாங்க வேண்டும், தன் தடிமனாலேயே புதிய அழுத்தத்தை உண்டாக்காமலும் இருக்க வேண்டும். எலியின் முதுகில் ஒட்டிப் பார்த்து இதை உறுதிப்படுத்த முடியாது. கணுக்காலுக்கு மேலேயோ பாதத்தின் மேற்புறத்திலோ உள்ள புண் என்றால் நிற ஒட்டையே தேர்ந்தெடுப்பேன்.

இனி, 'ஸ்மார்ட்' என்ற பெயரே இல்லாத மூன்றாவது போட்டியாளர். சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற வேதிப்பொருள் பூசிய கட்டு எதையும் அளப்பதில்லை, எதையும் அனுப்புவதில்லை. புண்ணை அரிக்கும் நொதிகளை அடக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் 2018-இல் வெளியான எக்ஸ்ப்ளோரர் ஆய்வில், நரம்பும் ரத்த ஓட்டமும் சேர்ந்து பாதிக்கப்பட்ட 240 நோயாளிகளில், இதைக் கட்டியவர்களில் 48 சதவீதம் பேருக்கு 20 வாரத்தில் புண் மூடியது. மருந்தில்லாத அதே மாதிரிக் கட்டைப் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் மூடியது. யாருக்கு எந்தக் கட்டு என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. இந்தத் தரத்தில் ஒரு சான்றை முன்சொன்ன இரு வகைகளும் இன்னும் காட்டவில்லை. அதே பணிக்குழு, புண் ஆறுவதற்காக வெள்ளி போன்ற கிருமிநாசினிக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. மருந்து கசியும் மின்னணுக் கட்டுகளும் ஒருநாள் இந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

கண்காணிப்புக்கு இப்போதே கையில் உள்ள கருவி, அளவுகோல். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், அது 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு குறைவு. அந்த நிலையில் ரத்த ஓட்டம், எலும்பில் தொற்று, காலில் விழும் அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரக் கட்டாக இருந்தாலும், எச்சரிக்கை வந்த அன்றே புண்ணைப் பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அதை அணிந்து பயனில்லை. ஆகவே இன்றைக்கு ஒருவர் என்னைக் கேட்டால், பாதத்தின் எடையை இறக்கும் காலணியையும், மருத்துவர் பொருந்தும் என்றால் சுக்ரோஸ் கட்டையும்தான் சொல்வேன். மின்னணுக் கட்டை முறையான ஆய்வில் சேரும் வாய்ப்பு கிடைத்தால் மட்டும் ஏற்கலாம்.

புண் மூடிய பிறகு இந்த மூன்றுக்குமே வேலை இல்லை, ஆபத்து மட்டும் போவதில்லை. ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது. அப்போது உதவுவது தோலின் சூட்டை அளக்கும் எளிய வெப்பமானி. இரு பாதங்களிலும் ஒரே இடத்தைத் தினமும் அளந்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டி அடுத்தடுத்து இரண்டு நாள் நீடித்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோல் கிழிவதற்கு முன்பே உள்ளே அழற்சி தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சூடுதான் அடையாளம்.