வியட்நாம் அரசு அஞ்சல் உறைகள்: உறை அசல், முத்திரை போலி. வாங்குமுன் இதைப் படியுங்கள்

தபால்தலை ஒட்டாமல், "கட்டணம் செலுத்தப்பட்டது" என்ற முத்திரை மட்டும் குத்தப்பட்ட 1980களின் வியட்நாம் அரசு உறைகள் இப்போது இணையத்தில் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. அப்படி ஒரு தொகுப்பைச் சென்ற ஆண்டு 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 22 உறைகளில் 19 போலி. பணம் இதுவரை திரும்பி வரவில்லை. விற்றவரின் பெயரை இங்கே எழுதுவதில் பயன் இல்லை. அவர் கடைப்பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்கிறார். ஆனால் கைவேலையை அவ்வளவு எளிதாக மாற்றிக்கொள்ள முடியாது. அதன் அடையாளங்களைத்தான் எழுதுகிறேன்.

இந்த உறைகளை ஏன் தேடுகிறார்கள் என்று புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. வியட்நாம் 1985 செப்டம்பர் 14 அன்று நாணயத்தை மாற்றியது. பத்துப் பழைய டாங்குக்கு ஒரு புதிய டாங் என்று கணக்கு. அதற்கு அடுத்த ஆண்டே விலைவாசி 700 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அச்சகத்திலிருந்து தபால்தலை வந்து சேர்வதற்குள் அதில் அச்சிட்ட மதிப்பு செல்லாக்காசாகிவிடும் நிலை. அத்தகைய காலத்தில் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, உறையில் ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தியோ பேனாவால் தொகையை எழுதியோ அனுப்புவதுதான் அஞ்சல் நிலையங்களுக்குக் கைகொடுத்தது. ஒரு நாட்டின் பணம் கரைந்த கதையை ஒரு கடித உறையில் படிக்க முடிகிறது. இந்தத் துறையின் மீது எனக்கு இருக்கும் ஈர்ப்புக்குக் காரணம் அதுதான். கோபத்துக்குக் காரணமும் அதுதான்: போலி செய்பவன் என் பணத்தோடு சேர்த்து அந்தக் கதையையும் கெடுக்கிறான்.

தபால்தலையைப் போலியாகச் செய்யத் தாள், அச்சு, துளையிடல் எல்லாம் சரியாக அமைய வேண்டும். தலையே ஒட்டாத உறையில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. விலை முழுவதும் ஒரு முத்திரையில் இருக்கிறது. ரப்பர் முத்திரையை எந்த ஊர்க் கடையிலும் சில நூறு ரூபாய்க்குச் செய்து வாங்கிவிடலாம். தேவையான பழைய காலி உறைகள் எடைக்கே கிடைக்கின்றன. பொதுவான விலைப்பட்டியல் நூல்கள் தபால்தலைகளுக்குத்தான் விலை சொல்கின்றன. இத்தகைய முத்திரைகளை அவை கண்டுகொள்வதில்லை. ஆகவே, விற்பவர் சொன்னதே விலை, காட்டியதே சான்று.

அந்த விற்பனையாளர் வேலையைப் பொறுமையாகச் செய்தார். முதலில் என்னிடம் மூன்று உறைகளை மட்டும் விற்றார். 1990களில் ஹனோயிலிருந்து வெளிநாட்டுக்குப் போனவை, 'பி.பி.' என்ற பிரெஞ்சுச் சுருக்கம் குத்தியவை. உலக அஞ்சல் ஒன்றியத்தின் நாடுகளில் கட்டணம் செலுத்தியதைக் காட்ட வழங்கும் குறி அது. மூன்றும் அசல், விலையும் நியாயம், நான்கு பக்கமும் தெளிவான ஸ்கேன், கெட்டி அட்டை வைத்த பொதி. இவை தூண்டிலில் கோத்த புழு என்பது பின்னால் அவரிடம் வாங்கிய மற்றவர்களோடு பேசியபோதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் முதல் பொதி அசலாகவே வந்திருக்கிறது.

பிறகு பெரிய தொகுப்பு வந்தது: "1987, 1988 ஆண்டுகளின் மாகாண அரசு உறைகள், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீட்டிலிருந்து." ஒவ்வொரு ஸ்கேனிலும் கடையின் பெயர் சாய்வாகப் பெரிய எழுத்தில் படிந்திருந்தது. படத்தைத் திருடாமல் இருப்பதற்காக என்று விளக்கம். ஆனால் அந்தப் பெயர் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில், உறையின் இடப்பக்க மேல்மூலையில் விழுந்திருந்தது. அரசு உறையில் அனுப்பும் அலுவலகத்தின் பெயர் அச்சாகியிருக்கும் இடம் அது. தெளிவான படம் கேட்டதற்கு, முத்திரையை மட்டும் பெரிதாக்கி அனுப்பினார். அந்த மூலையை ஏன் மறைத்தார் என்பது பொதியைப் பிரித்ததும் விளங்கியது.

ஏழு உறைகளில் அனுப்புநராக அச்சாகியிருந்தது மாகாண "வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சித் துறை". அஞ்சல் முத்திரைகளோ 1988 என்று சொல்கின்றன. வியட்நாமில் அந்தப் பெயரில் ஓர் அமைச்சகம் உருவானதே 1995இல்தான். வேளாண்மை, வனம், நீர்வளம் ஆகியவற்றைக் கவனித்த மூன்று அமைச்சகங்களை இணைத்து அதை அமைத்தார்கள். மாகாணத் துறைகள் அந்தப் பெயரைப் பெற்றது அதற்குப் பிறகு. ஆக, 1988இல் கடிதம் போட்டதாகச் சொல்லும் உறை, குறைந்தது ஏழு ஆண்டுகள் கழித்து அச்சடிக்கப்பட்டது.

இன்னும் சில உறைகளில் "குவாங் ட்ரி மாகாண மக்கள் குழு" என்று, அதாவது மாகாண நிர்வாகத்தின் பெயர், இருந்தது. 1976இல் குவாங் பின், குவாங் ட்ரி, துவா தியென் மூன்றையும் சேர்த்து பின் ட்ரி தியென் என்று ஒரே மாகாணமாக்கினார்கள். 1989 ஜூலையில்தான் மறுபடி பிரித்தார்கள். 1987இல் குவாங் ட்ரி மாகாணம் என்று ஒன்று இல்லை. இல்லாத மாகாணத்துக்கு மக்கள் குழு எங்கிருந்து வரும்?

வியட்நாம் உறை வாங்குபவர்கள் இந்த மாகாண இணைப்பு, பிரிப்பு வரலாற்றைத் தலைகீழாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நெ டின் மாகாணம் இருந்தது 1976 முதல் 1991 வரை. ஹா நாம் நின், ஹா சொன் பின் இரண்டும் 1991இல் கலைந்தவை. குவாங் நாம் - டா நாங், மின் ஹாய் இரண்டும் 1996 இறுதி வரை. சைகோன் அதிகாரப்பூர்வமாக ஹோ சி மின் நகரம் ஆனது 1976 ஜூலை 2 அன்று. பழைய பெயர் அச்சிட்ட உறையை அலுவலகங்கள் தீரும்வரை பயன்படுத்துவது எங்கும் நடப்பதுதான். ஆகவே, காலம் கடந்தும் பழைய பெயர் தொடர்ந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறக்காத பெயர் முன்கூட்டியே அச்சில் வந்தால், அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

தேதிகளையும் பாருங்கள். நான்கு உறைகளில் 17.2.88 என்ற முத்திரை. 1988இல் வியட்நாமியப் புத்தாண்டான தெத் பிறந்தது சரியாக அன்றுதான். நாடே வீட்டில் அடங்கியிருக்கும் நாள். அஞ்சல் நிலையத்தில் ஒருவர் பணியில் இருந்திருக்கலாம் என்று வாதிடலாம். நான்கு வெவ்வேறு மாகாண அலுவலகங்கள் புத்தாண்டுக் காலையில் அவசர அலுவல் கடிதம் அனுப்பின என்பதை எப்படி ஏற்பது?

எஞ்சிய உறைகளில் அச்சிட்ட பெயர் காலத்தோடு பொருந்தியது. அங்கே லென்ஸ்தான் பேசியது. மூன்று உறைகளின் ஊதா நிற முத்திரையை முப்பது மடங்கு பெருக்கிப் பார்த்தேன். ஊதா மை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நீலப் புள்ளிகள், சிவப்புப் புள்ளிகள், இடையிடையே மஞ்சள் துகள்கள் சிதறிக் கிடந்தன. கணினி அச்சுப்பொறி வண்ணத்தைக் கலக்கும் முறை இது. கையால் குத்திய ரப்பர் முத்திரையில் மை ஒரே நிறமாகத் தாளின் நாருக்குள் ஊறியிருக்கும். எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் மங்கியிருக்கும். இந்த மூன்றிலும் அழுத்தம் எங்கும் சீராக இருந்தது. உறையின் பின்பக்கத்தில் ஒரு தடயமும் இல்லை.

மற்றவை நிஜமான ரப்பர் முத்திரையால் குத்தப்பட்டவை. ஆனால் முத்திரை புதியது. அசல் மாகாண முத்திரைகள் பல உள்ளூரில் கையால் செதுக்கியவை. ஒரே வரியில் இரண்டு முறை வரும் எழுத்து இரண்டு இடத்திலும் சற்றே வேறுபடும். வியட்நாமிய எழுத்துகளின் மேல் வரும் ஒலிக்குறிகள் ஒன்று சாய்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் இருக்கும். இங்கோ எழுத்துகள் அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. எழுத்துரு ஏரியல். 1992இல் விண்டோஸோடு சேர்ந்து உலகம் முழுதும் பரவிய எழுத்துரு அது. 1988இல் வியட்நாமின் ஒரு மாவட்ட அஞ்சல் நிலையத்து ரப்பர் முத்திரையில் அது எப்படி இருக்க முடியும்?

இன்னொன்று, என் கண்ணில் கடைசியாகப் பட்டது. வியட்நாம் அரசு உறைகளில் அலுவலகப் பெயருக்குக் கீழே உள்ளே இருக்கும் கடிதத்தின் எண்ணைக் கையால் எழுதுவார்கள். நம் ஊர் அலுவலகங்களின் ந.க. எண் போல. வெவ்வேறு மாகாணங்களின் உறைகளில் அந்த எண்ணை எழுதியது ஒரே கை. ஏழு என்ற இலக்கத்தின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு, அதன் வலப்பக்க நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. எல்லா உறையிலும் அதே வளைவு. "மிக அவசரம்" என்ற பொருளில் 'ஹொவா தொக்' என்று சிவப்பு மையில் குத்தியிருக்கும் உறைகளிலும் இதே கைதான். அந்தச் சிவப்புக் குறி இருந்தால் விலை கூடும் என்பதற்காகச் சேர்த்தது.

புற ஊதா விளக்கிலும் வைத்துப் பார்த்தேன். பல உறைகள் நீலவெண்மையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தன. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, வெண்மையூட்டி கலந்த தாள் அதற்கு முன்பே உலகில் உண்டு. ஆனால் அந்தக் காலத்து மாகாண அலுவலக உறைகளில் நான் பார்த்த அசல்கள் பெரும்பாலும் பழுப்பு நிறச் சொரசொரப்புத் தாள். வைக்கோல் நாரும் மரச்சில்லும் கண்ணுக்குத் தெரியும். சில, பழைய படிவத்தைத் திருப்பி மடித்து ஒட்டியவை.

இவை எல்லாவற்றையும் படங்களோடு எழுதி அனுப்பினேன். முதல் பதில், "பொருளோடு உத்தரவாதச் சான்றிதழ் இருக்கிறதே" என்பது. அந்தச் சான்றிதழ் அவரே கணினியில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்ட தாள். சுயேச்சையான நிபுணர் ஒருவரின் கருத்து அதில் இல்லை. அடுத்த பதில், பொதியைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுப்பதில்லை என்பது. பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். புகாருக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். அவர் பணம் வாங்கி வாரக்கணக்கில் கழித்துத்தான் பொதியை அனுப்பினார், அதுவும் பதிவு எண் இல்லாத வழியில். அந்தத் தாமதமும் திட்டத்தின் ஒரு பகுதி என்றே நம்புகிறேன். அவரிடம் வாங்கிய மற்ற மூவருக்கும் அப்படியே நடந்திருக்கிறது. வங்கியில் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதே ஆள் இப்போது இன்னும் பழைய காலத்துக்குப் போயிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போர் நடந்த ஆண்டுகளில், வட வியட்நாம் அரசின் அலுவல் அஞ்சலுக்கு வந்த தபால்தலைகளில் மதிப்பு பணத்தில் இருக்காது, நெல்லின் எடையில் கிலோ கணக்கில் இருக்கும். வேளாண் வரியையே நெல்லாக வாங்கிய அரசு அது. பிரெஞ்சுப் படையை 1954இல் தோற்கடித்த டியன் பியன் பூ வெற்றிக்கு வெளியிட்ட வரிசையிலும் 0.600 கிலோ என்று அச்சிட்ட அலுவல் தலை உண்டு. உலகத் தபால்தலை வரலாற்றில் இதைவிட மண்வாசனை உள்ள பக்கம் ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்தத் தலைகள் தனியாகக் கிடைக்கும். உண்மையிலேயே அஞ்சலில் சென்ற உறையோடு கிடைப்பது அரிது. அதனால்தான் ஆபத்து. வட வியட்நாமின் தலைகள் பல பசை பூசாமலே வெளியானவை. மற்ற நாட்டுத் தலையில் பசையைப் பார்த்து, பின்னால் ஒட்டியதா என்று ஓரளவு சொல்லலாம். இங்கே கஞ்சிப் பசையால் எப்போது ஒட்டினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய உறையில் தலையை ஒட்டி, பொய் முத்திரை குத்தி, பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள். தலையின் மேல் விழுந்த முத்திரை உறையின் மேலும் தடையின்றித் தொடர்கிறதா, பின்னால் சேருமிட முத்திரை உண்டா, அதன் தேதி பயண நாட்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நம்மில் பலர் வியட்நாம் பக்கம் வந்ததே சைகோனிலிருந்து காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்த செட்டியார் கடிதங்களின் வழியாகத்தான். அந்த உறைகளில் நாம் பழகிய பாடம் ஒன்று உண்டு: முன்பக்கத்தில் இந்தோசீனாத் தலை, பின்பக்கத்தில் நம் ஊர் அஞ்சல் நிலையத்தின் வருகை முத்திரை, தமிழில் முகவரி, கடையின் முத்திரை என்று ஒன்றையொன்று தாங்கும் சாட்சிகள் நான்கைந்து இருக்கும். தலை ஒட்டாத அரசு உறையில் அத்தனை சாட்சிகள் கிடைக்காது. ஆகவே இருக்கும் ஒன்றிரண்டை விடாமல் கேட்டு வாங்குங்கள். நான்கு மூலைகளும் தெரியும், எழுத்து எதுவும் படியாத, முன்பக்க, பின்பக்க ஸ்கேன் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பெரிய தொகை என்றால், சுயேச்சையான நிபுணரின் கருத்து வரும்வரை திருப்பித் தரும் உரிமை உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, வங்கி அட்டை வழியாக மட்டும் பணம் கட்டுங்கள். "நண்பருக்கு அனுப்புவதாகக் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி" என்று இந்த ஆள் இப்போது கேட்கிறார். அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

19 உறைகளின் பின்புறத்திலும் "போலி" என்று அழியாத மையில் எழுதிவிட்டேன்; என் காலத்துக்குப் பிறகும் அவை சந்தைக்குப் போகக் கூடாது. அவற்றின் உயர்தர ஸ்கேன்கள், அந்த ஏழின் வளைவு உட்பட, என்னிடம் இருக்கின்றன. உங்களுக்கு வந்த உறையோடு ஒப்பிட வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். இதே கையெழுத்தோடு உங்களிடம் உறை இருந்தால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். வங்கியிடம் கொடுத்த புகாரில் இணைக்க ஒவ்வொன்றும் உதவும்.