வால்பாறை ரிசார்ட்டா, படித்த பள்ளிக்கூடமா, போகாமலே இருந்துவிடுவதா?

எங்கள் பத்தாவது செட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் பழைய மாணவர் சந்திப்புப் பேச்சு எழுந்ததும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. வால்பாறையில் ரிசார்ட் பிடித்து ஒரு ராத்திரி தங்கலாம் என்றது ஒன்று. தாராபுரம் பக்கம் நாங்கள் படித்த அரசுப் பள்ளியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடலாம் என்றது மற்றொன்று. வாயே திறக்காமல் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டவர்கள் மூன்றாவது கட்சி. நான் பள்ளிக்கூடக் கட்சி, ஜெயித்ததும் அதுதான். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ரிசார்ட்டின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, மேலே குளிர், எழுந்து ஓட வேண்டிய அவசரம் இல்லாத பேச்சு. ஆளுக்கு இரண்டு நிமிடம் மைக் பிடிப்பதில் யாரைப் பற்றியும் எதுவும் தெரியாது, நடுராத்திரி தாண்டினால்தான் மனுசன் மனசு விட்டுப் பேசுவான் என்பது என் தம்பியின் வாதம். அவன் செட் ஏற்காட்டில் தங்கிவிட்டு வந்தது. நான் அப்படித் தங்கியதில்லை, ஆகவே இதில் அவன் சொல்லைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அவன் அனுப்பிய போட்டோக்களில் ஒரு பெண்கூட இல்லை. கேட்டால், “கூப்பிட்டோம், யாரும் வரலை” என்றான். எப்படி வருவார்கள்? ராத்திரித் தங்கல், கூடவே சரக்கு. அதற்கு வீட்டில் கேட்டுவிட்டுக் கிளம்புகிற துணிச்சல் எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை பேருக்கு இருக்கும்?

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான்: யாரால் வர முடியும்? சாப்பாடு, மண்டபம், டீ-ஷர்ட்டின் கலர் எல்லாம் அப்புறம். இடத்தை முடிவு செய்யும்போதே யார் வரக்கூடாது என்பதையும் நாம் முடிவு செய்துவிடுகிறோம், பெரும்பாலும் தெரியாமலே.

எங்கள் செட்டில் பத்தாவதோடு நின்றவர்கள் நிறைய. சிலர் பல்லடம் பக்கம் தறிக்குப் போனார்கள், சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு. கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. தலைக்கு மூவாயிரம் என்று குரூப்பில் போட்டால் அவர்கள் முடியாது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், பதிலே போடாமல் இருந்துவிடுவார்கள். அதே ஆள் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் என்றால், காலையில் குளித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பெண்களுக்கோ 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, மத்தியானம் சாப்பிட்டு, மாடு கறக்கிற நேரத்துக்குள் வீடு திரும்பலாம். வால்பாறைக்குப் பொள்ளாச்சியிலிருந்தே 60 கிலோமீட்டருக்கு மேல்.

இன்னொன்றும் உண்டு, அதை முன்கூட்டி நானும் யோசிக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப் என்பது ப்ளஸ் டூ வரை போனவர்கள் ஒருவரை ஒருவர் சேர்த்து உண்டாக்கியது. பத்தாவதுக்கு முன்பே பாதியில் நின்றவர்கள் அதில் இல்லவே இல்லை. பள்ளிக்கூடத்தில் நடக்கிறது என்றதும் சேதி டீக்கடை, பஸ் ஸ்டாண்டு வழியாகப் பரவி, குரூப்பில் இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அப்படித்தான் வந்தாள். வீட்டிலேயே நாலு தறி ஓட்டுகிறாளாம். “எனக்கு யாரும் சொல்லலைங்க, நானே வந்துட்டேன்” என்று என்னையே வாங்க போங்க போட்டுப் பேசினாள். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் ‘வாடி’ வந்தது.

பள்ளிக்கூடச் சந்திப்பிலும் தொந்தரவு இருக்கிறது. பிளெக்ஸ், பொன்னாடை, ஷீல்டு என்று காலை முழுக்கப் போய்விடும். அதைவிட மோசம் நன்கொடைப் பட்டியலைத் தொகையோடு மைக்கில் வாசிப்பது. ஐந்நூறு கொடுத்தவர் அடுத்த வருடம் வர மாட்டார். நாங்கள் தொகையைச் சொல்லக்கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டோம். பெரிய தொகை தர ஆசைப்படுகிறவர்களுக்கு 2022-இல் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது, ஆன்லைனிலேயே அனுப்பலாம். மைக் வேண்டியதில்லை.

எத்தனை ஏக்கரு, பையன் எந்தக் காலேஜு, பொண்ணுக்கு வரன் பார்த்தாச்சா என்ற விசாரணை மலைமேல் போனாலும் தப்பாது. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போகாமல் இருப்பவர்களை வற்புறுத்தக்கூடாது என்பது என் கட்சி. என் சிநேகிதி ஒருத்தி சொன்னாள்: “என்னைய அத்தன பேரு முன்னால மக்குன்னு சொன்ன வாத்தியாருக்குப் பொன்னாடை போடறத நான் வந்து கை தட்டோணுமா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் மாரியம்மன் நோம்பிக்கு அம்மா வீட்டுக்கு வருவாள், அப்போது மூன்று நான்கு பேர் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். அவளுக்கு அதுவே போதும். உண்மையைச் சொன்னால், சில வருடங்களில் எனக்கும் அதுவே போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் திண்ணைக்குத் தறிக்காரி வரமாட்டாள், அவளுக்கு அந்த வீடு பழக்கமில்லை.

பள்ளிக்கூடம்தான் என்று முடிவு செய்தால் தேதியில் கவனம் வேண்டும். தையிலும் ஆவணியிலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் விழுந்தால் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். ஆடியில் அந்தத் தொல்லை இல்லை, சமையல்காரரும் சுலபமாகக் கிடைப்பார். ஆடிப்பெருக்கை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். அப்புறம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதத்தில் எங்கள் பக்கம் சும்மா விடாது, காற்றாலைக்காரர்களுக்குத்தான் அது கொண்டாட்டம். மைதானத்தில் சாமியானா போடாமல் வகுப்பறையிலேயே பந்தியை வைத்துக்கொள்ளுங்கள். பிளெக்ஸ் செலவும் மிச்சம்.