திரையில் 220 வாட், உள்ளே பழைய லேப்டாப் பேட்டரி: வேப் மாட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வேப் மாட் என்றால், நிக்கோட்டின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் இ-சிகரெட்டில் பேட்டரியும் சர்க்யூட் போர்டும் இருக்கும் பெட்டி. இரண்டு 18650 பேட்டரி (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளமுள்ள உருளை வடிவ லித்தியம் செல்) போடும் வேப் மாட் ஒன்று, "220 வாட், ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது, பேட்டரியும் சேர்த்து" என்று எங்கு பார்த்தாலும் விளம்பரத்தில் வருகிறது. கூடவே ஒரு செய்முறை வீடியோ. நான் வாங்கினேன், மேசையில் வைத்து அளந்தேன், அப்புறம் பிரித்தும் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் நிறம் ஒன்றுதான் சொன்னபடி வந்தது. விற்றவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அந்தப் பெயர் அடிக்கடி மாறுகிறது, பெயரை நினைவில் வைத்துக்கொண்டு பயனில்லை. பொருளின் அடையாளங்களைச் சொல்கிறேன்.

புகை பழக்கமே இல்லாதவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. நிக்கோட்டின் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, வேடிக்கைக்குக்கூடத் தொடாதீர்கள். சிகரெட்டை விட்டு ஏற்கெனவே இதற்கு வந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிரச்சினை காயிலில், அதாவது பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளில், ஆரம்பித்தது. 12 முதல் 15 வாட் வரை என்று உடலிலேயே அச்சடித்திருக்கும் 0.8 ஓம் காயில். மாட்டில் 15 வைத்தால் கருகல் வாடை. புதுக் காயில் போட்டு, பஞ்சு நன்றாக ஊறும்வரை காத்திருந்து இழுத்தாலும் அதே வாடை. விற்பனையாளரிடம் கேட்டால் "காயில் சரியில்லை சார், எங்களிடமே வாங்கிப் போடுங்கள்" என்று பதில். ஆனால் அதே காயிலை என்னுடைய பழைய மாட்டில் 15 வாட்டில் போட்டால் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் கோளாறு காயிலில் இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது.

சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பது என் தொழில், அதனால் வோல்டேஜ் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கைவசம் இருக்கிறது. மல்டிமீட்டர் மட்டும் வைத்திருந்தால் நானும் இந்தப் பொருளுக்கு நற்சான்று கொடுத்திருப்பேன், ஏனென்றால் ஏமாற்று வேலையே மல்டிமீட்டரை நம்பித்தான் நடக்கிறது. 0.8 ஓமில் 15 வாட் வர 3.46 வோல்ட் வேண்டும். மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து காயிலின் இரு முனையிலும் பிடித்தால் அச்சு அசலாக 3.4-க்கும் 3.5-க்கும் நடுவில் காட்டுகிறது. விற்பவரின் வீடியோவிலும் இதைத்தான் காட்டுகிறார்கள்: திரையில் ஒரு எண், மீட்டரில் அதே எண், பின்னணியில் கைதட்டல் சத்தம். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் அங்கே 3.46 வோல்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பாதி நேரம் 6.9 வோல்ட், பாதி நேரம் பூஜ்யம், இப்படி மாறி மாறி வெட்டி வெட்டிப் போகிறது. பேட்டரி வோல்டேஜை அப்படியே திறந்து மூடுகிறார்கள், இடையில் அதைக் குறைத்துச் சீராக்கும் பகுதி எதுவும் போர்டில் இல்லை. இரண்டின் சராசரியைத்தான் மீட்டர் காட்டுகிறது. காயிலின் சூடு அந்தச் சராசரியைப் பார்ப்பதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தைப் பார்க்கிறது. 6.9 வோல்ட் இருக்கும்போது 0.8 ஓமில் கிட்டத்தட்ட 60 வாட். அது பாதி நேரம் என்றால் 30 வாட். திரையில் 15 என்று எழுதிவிட்டு காயிலுக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறது. கருகாமல் என்ன செய்யும்? 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று போட்ட மீட்டர் வைத்திருக்கிறேன் என்பவர்களும் கவனியுங்கள், அந்த மீட்டர்களில் பலவும் டிசி நிலையில் சராசரியைத்தான் காட்டும்.

இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. திரவத்தில் இருக்கும் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் போன்றவை உண்டாகும், அதை நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறோம். 15 வாட்டில்தானே வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இழுப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன வழி. பட்டனை அழுத்திக் காதருகே பிடித்தால் இந்த வகை மாட்டுகளில் சில ரீங்காரம்போல் சத்தம் போடும், காயில் மெல்ல அதிரும். எல்லாவற்றிலும் கேட்காது, கேட்டால் சந்தேகப்படுங்கள். இன்னும் நல்ல வழி, நான் செய்த மாதிரி நம்பிக்கையான இன்னொரு மாட்டில் அதே காயில், அதே வாட் வைத்து ஒப்பிடுவது.

சரி, குறைந்த வாட் வைத்தால் இரண்டு மடங்கு கொடுக்கிறதே, உச்சத்தில் வைத்தால் 220 வருகிறதா? காயிலை எரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பெரிய ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டு) திருகிய 0.25 ஓம் ரெசிஸ்டரை 510 இணைப்பில் (மாட்டின் மேல் காயிலும் திரவமும் இருக்கும் டேங்கைத் திருகுகிற இடம்) மாட்டி, வோல்டேஜை ரெசிஸ்டரின் முனைகளிலேயே அளந்தேன் (வயரில் விழும் வோல்டேஜ் கணக்கில் சேரக்கூடாது). கூடவே வந்த பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, 100 வாட் வைத்தால் 4.9 வோல்ட். 150 வைத்தாலும் 4.9. 220 வைத்தாலும் 4.9-தான். அது 96 வாட். திரையில் எண் மட்டும் ஜம்மென்று ஏறுகிறது. அந்த எண் நாம் கேட்டது, கிடைத்தது அல்ல. என்னிடம் இருந்த 20 ஆம்பியர் தரமுள்ள (தொடர்ந்து அவ்வளவு மின்னோட்டம் கொடுக்கக்கூடிய) நல்ல செல்களைப் போட்டபோது 6.6 வோல்ட் வந்தது, அதாவது 174 வாட், 26 ஆம்பியருக்கு மேல். 220 அப்போதும் வரவில்லை, வந்த அளவே செல்லின் தரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டே செல்லில் 200-க்கு மேல் என்று எழுதியிருந்தால் ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள்: செல் இறங்கி 3.2 வோல்ட்டில் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து 6.4, அதில் 200 வாட் எடுக்க 31 ஆம்பியருக்கு மேல் வேண்டும், போர்டில் போகிற நஷ்டம் தனி. வழக்கமான 20 ஆம்பியர் செல்லில் இது நடக்கிற காரியமா?

'வெப்பக் கட்டுப்பாடு' என்று ஒன்றும் போட்டிருந்தார்கள். எஸ்எஸ் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சுற்றி, உலர்ந்த பஞ்சை வைத்து, 200 டிகிரி செல்சியஸ் என்று அமைத்து அழுத்தினேன். ஒழுங்கான மாட் என்றால் பஞ்சு கருகக் கூடாது. இதில் நடுப்பகுதி கறுத்து இழை இழையாக உதிர்ந்தது. கம்பி சூடாகும்போது அதன் மின்தடை ஏறும், அந்த ஏற்றத்தைப் படித்துத்தான் வெப்பத்தை அறிய முடியும். இந்த மாட்டில் இருப்பது மெனுவில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இப்போது பேட்டரி. இதைத்தான் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும். உறையில் 3500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு), 35 ஆம்பியர் என்று பளபளப்பாக அச்சடித்திருந்தது. 18650 அளவில் இந்த இரண்டு எண்களும் ஒன்றாகச் சேராது. சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் அசல் 3500 எம்ஏஎச் செல்கள் 8 அல்லது 10 ஆம்பியர் தரத்தில் வருபவை; 20 ஆம்பியர் வேண்டுமென்றால் கொள்ளளவு 2500, 3000 என்று இறங்கிவிடும். எடை போட்டுப் பார்த்தேன், 45 கிராம், அதில் குறை சொல்ல முடியாது. போலி என்றால் எடை குறையும் என்று பலர் சொல்கிறார்கள், எடை சரியாக இருந்துவிட்டால் பொருளும் சரி என்று ஆகிவிடாது. உறையைக் கவனமாக உரித்தால் இரு முனையிலும் ஸ்பாட் வெல்டிங் செய்து பிய்த்த புள்ளித் தழும்புகள், அவற்றை உப்புத்தாளால் தேய்த்து மறைக்கப் பார்த்த கீறல்கள். யாரோ எப்போதோ பயன்படுத்திய லேப்டாப் பேட்டரி கட்டிலிருந்து பிரித்தெடுத்து, புது உறை போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஆம்பியரில் இறக்கிப் பார்த்ததில் ஒன்று சுமார் 1500 எம்ஏஎச், மற்றது 1700. ஜோடியாகப் போட வேண்டிய செல்கள் ஜோடிகூட இல்லை.

அது ஏன் ஆபத்து என்றால், மாட்டின் யுஎஸ்பி வழியே சார்ஜ் ஏற்றும்போது இரண்டு செல்லையும் தனித்தனியாகக் கண்காணித்துச் சமன் செய்ய வேண்டும். இந்தப் போர்டு மொத்தம் 8.4 வோல்ட் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்க்கிறது. சார்ஜ் முடிந்தது என்று திரை சொன்னதும் எடுத்து அளந்தேன்: ஒன்று 4.29, மற்றது 4.11. கூட்டினால் 8.40, கணக்கு டாண் என்று சரி. ஆனால் 4.2-க்கு மேல் போகக்கூடாத செல் ஒவ்வொரு முறையும் 4.29 வரை ஏறுகிறது. அதைக் கண்ட பிறகு அந்தச் செல்களை மறுபடி சார்ஜ் ஏற்றவில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் இ-சிகரெட் தீப்பிடித்த, வெடித்த சம்பவங்கள் 195 என்று பதிவாகியிருக்கிறது. பல சம்பவங்கள் சட்டை, கால்சட்டைப் பையில் இருக்கும்போதே நடந்தவை. செல் தயாரிக்கும் எல்ஜி, சாம்சங் போன்ற நிறுவனங்களே தங்கள் 18650 செல்களைத் தனியாக எடுத்து வேப் கருவிகளில் போடாதீர்கள் என்று எச்சரித்திருக்கின்றன. நாம் எல்லோரும் அதையும் மீறித்தான் பயன்படுத்துகிறோம் என்பது தெரியும். மீறுகிறவர்கள் குறைந்தபட்சம் செல் எங்கிருந்து வந்தது என்றாவது பார்க்க வேண்டாமா?

கட்டமைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்தால் கனமாக, தரமான பொருள் மாதிரி இருந்தது. பிரித்தால் போர்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அது எந்த வேலையும் செய்யவில்லை. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுகிற அதே புத்தி. 510 இணைப்பின் நடுப் பின் ஸ்பிரிங்கில் எழும்ப வேண்டும், இதில் ஒரு தடவை டேங்க் மாட்டியதும் உள்ளே போனதுதான், திரும்பி வரவில்லை. அதனால் தொடர்பு தளர்ந்து அந்த இடமே சூடாகிறது, வெறும் 0.02 ஓம் தளர்ச்சி இருந்தாலும் 20 ஆம்பியர் ஓடும்போது 8 வாட் அங்கேயே வெப்பமாகும், சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் இளகியிருந்தது. பேட்டரி அறையில் வாயு வெளியேறத் துளை இருப்பதுபோல் மூடியில் வரிசையாகப் புள்ளிகள், தடவிப் பார்த்தால் எல்லாம் வெறும் குழி, ஒன்றுகூடத் துளை இல்லை. தொடுமுனைத் தகட்டின் விளிம்பு கூராக இருந்து, செல்லைப் போட்டு எடுக்கும்போது உறையைக் கீறுகிறது. செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை; நேர்முனையின் ஓரத்தில் உறை கிழிந்தால் ஷார்ட் ஆக ஒரு சின்ன உரசல் போதும். நியாயமாகச் சொல்வதென்றால் இரண்டு விஷயம் வேலை செய்தது: பத்து வினாடிக்கு மேல் அழுத்தினால் நின்றுவிடுகிறது, ஷார்ட் ஆன காயிலை மாட்டினால் மின்சாரம் கொடுக்க மறுக்கிறது.

பெட்டியில் சுரண்டிப் பார்க்கும் ஸ்டிக்கர் ஒன்றும் உண்டு. அதிலிருக்கும் கியூஆர் கோட் கொண்டுபோய் விடும் தளம் அசல் தயாரிப்பாளரின் தளம் மாதிரியே இருக்கும், முகவரியில் ஒரு எழுத்து மட்டும் கூடுதல். குறியீட்டைப் போட்டேன், "அசல்" என்றது. வாயில் வந்த எண்ணைப் போட்டேன், அதற்கும் "அசல்", வாழ்த்துச் செய்தியோடு. கியூஆர் கோடைத் தொடாமல் தயாரிப்பாளரின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள்.

ஆசிலோஸ்கோப் படம், செல்களின் தழும்பு, சார்ஜ் அளவு எல்லாவற்றையும் விற்பனையாளருக்கு அனுப்பினேன். முதலில் "அதிக வாட் வைத்திருப்பீர்கள்" என்றார்கள். பிறகு "நீங்கள் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது சார்" என்றார்கள். பிரிக்கும் முன்பே எடுத்த அளவுகள் இவை, தேதியோடு இருக்கிறது என்று காட்டியதும் பேச்சு மாறியது: நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் திருப்பித் தருவார்களாம். முழுப் பணத்தையும் கொடுங்கள், விமர்சனம் அப்படியே இருக்கும் என்றேன். அதோடு பதில் நின்றுவிட்டது. பணம் செலுத்திய அட்டை நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

செல்களை முழுதாக இறக்கி, முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டேன். குப்பையில் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். இதை எழுதும்போது பார்க்கிறேன், அதே படத்தோடு வேறு பெயரில் புது விற்பனைப் பக்கம் வந்திருக்கிறது. இந்தத் தடவை 230 வாட்டாம். மூடியில் அதே புள்ளிகள், பேட்டரி உறையில் அதே 3500, அதே 35.