23,400 ரூபாய்க்கு வந்த ஹார்ட் டிஸ்க்: பழைய டாக் ஷோ பதிவுகளைத் தேடுவோருக்கு எச்சரிக்கை

இன்று காலை அந்த விற்பனைத் தளத்திலிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று ஒரே வரி. பணம் திரும்பவில்லை, விளக்கமும் இல்லை. பழைய அமெரிக்க டாக் ஷோ பதிவுகள் என்று நம்பி ஒரு போலி ஹார்ட் டிஸ்க்கை வாங்கியதில் போனது 23,400 ரூபாய். அந்த விளம்பரம் இப்போதும் அதே தளத்தில் அப்படியே இருக்கிறது. இந்த நேரத்தில் வேறொருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் கோபம் ஆறுவதற்குக்கூடக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

நான் காட்சித் தொடர்பியல் துறையில் பாடம் நடத்துகிறேன். அமெரிக்கப் பகல்நேர டாக் ஷோக்கள் எப்படி அடிதடிக் களமாக மாறின என்பதுதான் என் ஆய்வு. அந்த வகை டாக் ஷோவின் தொகுப்பாளர் ஜெர்ரி ஸ்பிரிங்கர் என்றதும் நாற்காலி பறக்கும், கூட்டம் ‘ஜெர்ரி! ஜெர்ரி!’ என்று கத்தும் காட்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 1991 செப்டம்பரில் சின்சினாட்டியில் அந்த நிகழ்ச்சி தொடங்கியபோது அது வேறு நிகழ்ச்சி. அந்த நகரத்தின் மேயராக இருந்து, பிறகு செய்தி வாசிப்பாளரானவர் அவர். வீடற்றோர் நிலை, துப்பாக்கிச் சட்டம் என்று பேசினார். ஜெஸ்ஸி ஜாக்சன் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார். பார்வையாளர்கள் கூடவில்லை. 1994-ல் ரிச்சர்ட் டொமினிக் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றதும் திசை மாறியது. 1998-ல் பல நகரங்களில், பார்வையாளர் எண்ணிக்கையில் டாக் ஷோ நட்சத்திரமான ஓப்ரா வின்ஃப்ரேயையே முந்தினார் ஸ்பிரிங்கர். நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு மனிதர் எந்த இடத்தில், எதற்காக இதற்கு உடன்பட்டார் என்று பார்க்க வேண்டுமானால் அந்த முதல் சில ஆண்டுகளின் பதிவுகள் வேண்டும். இணையத்தில் சும்மா கிடைப்பவை எல்லாம் பிற்காலச் சண்டைத் துண்டுகள்.

பழைய பொருள்களையும் அரிய பதிவுகளையும் விற்கும் ஓர் இணையத் தளத்தில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். டோனஹியூ, ஸ்பிரிங்கர், ஜெரால்டோ, சாலி ஜெஸ்ஸி ரஃபேல், ஜென்னி ஜோன்ஸ் ஆகிய டாக் ஷோ தொகுப்பாளர்களின் முழு அத்தியாயங்கள், ஒளிநாடாவிலிருந்து மாற்றி ஹார்ட் டிஸ்க்கில், ஆய்வுப் பயன்பாட்டுக்கான அனுமதிக் கடிதத்துடன். விலை 23,400 ரூபாய். விற்பனையாளரின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று தளமே பச்சை முத்திரை குத்தியிருந்தது.

நான் பணம் அனுப்பியது அந்த முத்திரையைப் பார்த்து அல்ல. தொலைபேசியில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். “சார், உங்களுக்கு ஸ்பிரிங்கரின் 94-க்கு முந்தைய பதிவுகள் வேண்டுமா, பிந்தையவையா? முந்தையதைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை” என்றார். இந்தத் துறையில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாத வேறுபாடு அது. தொடர்ந்து டோனஹியூவைப் பற்றிப் பேசினார். 1967-ல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில் தொடங்கியது, கையில் மைக்குடன் பார்வையாளர்களுக்குள் நடந்து போய் இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்க வைத்தது, நாத்திகரான மடலின் மரே ஓஹேரை முதல் விருந்தினராக அழைத்தது என்று ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு நிலையத்தின் நாடா நூலகத்திலிருந்து வந்தவை என்றார். அன்று மாலையே 23,400 ரூபாயையும் அனுப்பினேன். விஷயம் தெரிந்தவன் ஏமாற்றினால் அதன் வலியே தனி. அவன் அறிவு முழுவதும் தூண்டிலுக்குத்தான் பயன்பட்டிருக்கிறது.

டிஸ்க் வந்தது. கோப்புறைகள் ஆண்டுவாரியாக, அழகாகப் பெயரிடப்பட்டிருந்தன. ‘டோனஹியூ, டேட்டன், 1967’ என்ற கோப்பைத்தான் முதலில் திறந்தேன். 1967-ல் டோனஹியூவுக்கு 31 வயது. திரையில் வந்தவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. அவர் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த 1985-க்குப் பிந்தைய நிகழ்ச்சி அது. அதே கோப்பு 1968, 1969, 1971 என்று பெயர் மட்டும் மாறி மறுபடியும் மறுபடியும் இருந்தது. கோப்பின் அளவுகூட ஒரு எண் பிசகவில்லை. ‘ஸ்பிரிங்கர் 1991’ கோப்பில் ஸ்டீவ் வில்கோஸ் இரண்டு பேரைப் பிடித்து விலக்கிக்கொண்டிருந்தார். அவர் அங்கே பாதுகாவலராகச் சேர்ந்ததே 1994-ல். படத்தின் வலது கீழ் மூலையில் சதுரமாக ஒரு மங்கல். ஏதோ ஒரு காணொளிச் சேனலின் சின்னத்தை அழித்த தடம். சின்னம் இருந்த இடத்தை மட்டும் கலங்கலாக்கிவிட்டு 23,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ‘ஜென்னி ஜோன்ஸ் 1995, ஒளிபரப்பாத அத்தியாயம்’ என்ற கோப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்த ஆண்டு மார்ச் 6 அன்று, ரகசியமாக நேசிப்பவர்கள் என்ற தலைப்பில் நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். தன்னை நேசிப்பவர் யார் என்று சொல்லாமலேயே ஓர் இளைஞரை மேடைக்கு அழைத்து, இன்னொரு ஆண் அதை அறிவிப்பதைப் பார்வையாளர்கள் முன் படம் பிடித்தார்கள். மூன்று நாள் கழித்து, அப்படி அறிவித்தவரை அந்த இளைஞர் சுட்டுக் கொன்றார். அத்தியாயம் ஒளிபரப்பாகவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு 2.5 கோடி டாலர் தர வேண்டும் என்று 1999-ல் நடுவர் குழு சொன்னதும், 2002-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானதும் பதிவான வரலாறு. அதன் பிறகும் இந்தத் தொழில் திருந்தவில்லை. 2019-ல் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட ஒரு விருந்தினர் இறந்த பிறகுதான் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, இதே பாணியிலான ஜெரமி கைல் நிகழ்ச்சியை நிறுத்தியது. என் டிஸ்க்கில் ஜென்னி ஜோன்ஸ் அத்தியாயம் என்ற பெயரில் இருந்தது நீதிமன்றச் செய்தித் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒட்டிய 40 நிமிடப் படம். கொலையுண்ட ஒரு மனிதரின் கடைசி மேடையை ‘அரியது’ என்று விளம்பரப்படுத்திக் காசு பார்ப்பவனுக்கும், அன்று அந்த மேடையைப் போட்டவர்களுக்கும் என்னால் வித்தியாசம் காண முடியவில்லை.

அடுத்தது அலைக்கழிப்பு. விற்பனையாளர் முதலில், “உங்கள் கணினியில் சரியான மென்பொருள் இல்லை” என்றார். மென்பொருளுக்கும் நரைத்த தலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. “மாற்று டிஸ்க் கிளம்பிவிட்டது” என்றார். கூரியர் எண் கேட்டேன். ஊரில் இல்லை என்றார். அதற்குப் பிறகு என் எண்ணையே முடக்கிவிட்டார். தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், “டிஸ்க் இயங்குகிறதா சார்?” என்று கேட்டார். இயங்குகிறது என்றேன். “அப்படியானால் பொருளில் பழுது இல்லையே” என்றார். உள்ளே இருப்பது போலி என்றால், உள்ளடக்கத்துக்குத் தளம் பொறுப்பல்ல, நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பச்சை முத்திரை எதற்கு? வங்கியிலோ, “நீங்களே அனுப்பிய பணம்தானே?” என்று முடித்துக்கொண்டார்கள். அனுமதிக் கடிதம் என்று வந்த தாளில் கையெழுத்தே இல்லை. 23,400 ரூபாய் என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்திருந்தேன்; இப்போதைக்கு இவ்வளவுதான். பணம் அனுப்பும் முன் நீங்கள் சொல்லும் அத்தியாயத்தின், நீங்கள் சொல்லும் நிமிடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த மாதிரியை ஏற்காதீர்கள். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் விலகிவிடுங்கள். ‘ஒளிபரப்பாத அத்தியாயம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆய்வுக்கு வேண்டுமென்றால் நியூயார்க்கின் பேலி மையம் போன்ற காப்பகங்களுக்கு நேராக எழுதிக் கேளுங்கள். பணம் போனதும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள்.

இதே போன்ற டிஸ்க் வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்கு எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க வேண்டிய மனுவை எழுதத் தொடங்கிவிட்டேன். எத்தனை பேர் சேர்ந்தாலும் நல்லது.